அந்தப் பாறையின் கதையைப் படம் ஏன் சொல்லவில்லை?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் உலுரு பாறையைப் பற்றி ஒரு சோதனை முயற்சி ஆவணப்படம் பார்த்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பாறை, சிவப்பு மணல், முட்புல், மேகம், மறுபடியும் பாறை. பேட்டி கிடையாது, விளக்கக் குரல் கிடையாது. பூர்வகுடிகளுக்குப் புனிதமான இடம் என்று தொடக்கத்தில் ஒரு வரி வருகிறது, அதோடு சரி. ஏன் புனிதம், என்ன நம்பிக்கை, என்ன கதை என்று எதையுமே சொல்லாத ஒன்று எப்படி ஆவணப்படம் ஆகும், இது இயக்குநரின் சோம்பேறித்தனமா, இல்லை கலை என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றா என்று கேட்கிறீர்கள்.

சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட படங்களும் உண்டு, சூரிய அஸ்தமனத்தை நான்கு பக்கமிருந்தும் எடுத்து ஒட்டிவிட்டு ஆன்மிகம் என்று பெயர் வைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் இந்த இடத்தைப் பொறுத்தவரை, கதையைச் சொல்லாமல் விடுவதற்கு மிக உறுதியான ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லும் உரிமை படம் எடுத்தவருக்குக் கிடையாது. கேட்கும் உரிமை உங்களுக்கும் எனக்கும் கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் படம் வேறு மாதிரி தெரியும். நான் முதல் தடவை இந்த வகைப் படம் ஒன்றைப் பார்த்தபோது எனக்கும் இதே எரிச்சல்தான் வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த இடம். உலுரு சமவெளியில் இருந்து 348 மீட்டர் எழும்பி நிற்கும் மணற்கல் பாறை, அடிவாரத்தைச் சுற்றி நடந்தால் 9.4 கிலோமீட்டர். வெளியே தெரியும் சிவப்பு உண்மையில் துரு. கல்லில் இருக்கும் இரும்பு காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடித்த நிறம். மேல் செதில் உதிர்ந்த இடங்களிலும் சில குகைகளின் உள்ளேயும் கல்லின் சொந்த நிறமான சாம்பல் தெரியும். மழை பெய்தால் பாறை கறுத்து, அதன் பள்ளங்கள் வழியாக வெள்ளிக்கம்பி மாதிரி அருவிகள் இறங்கும். அஸ்தமனப் படங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. பாறையின் தோலை நிமிடக்கணக்கில் நெருக்கமாகக் காட்டும் படம் இதையாவது காட்டிவிடுகிறது.

இந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் அனங்கு மக்கள். பிட்ஜண்ட்ஜாரா, யான்குனிஜாரா என்ற இரண்டு நெருங்கிய மொழிகளைப் பேசுபவர்கள். அனங்கு என்ற சொல்லுக்கே மனிதர்கள் என்றுதான் பொருள். 1873-இல் வில்லியம் கோஸ் என்ற நில அளவையாளர் வந்து பார்த்துவிட்டு, தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயலாளராக இருந்த ஹென்றி அயர்ஸின் பெயரை வைத்து அயர்ஸ் பாறை என்றார். நூறு வருடத்துக்கும் மேல் உலகம் அந்தப் பெயரில்தான் அழைத்தது. 1985 அக்டோபர் 26 அன்று நிலத்தின் உரிமைப் பத்திரம் அனங்கு மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது. ஆனால் கையோடு 99 வருடக் குத்தகைக்கு அரசே அதைத் தேசியப் பூங்காவாக நடத்த எடுத்துக்கொண்டது. பாறை மேல் ஏறாதீர்கள் என்று அவர்கள் எவ்வளவோ கேட்டும் ஏறுவது நிற்கவில்லை. இத்தனைக்கும் ஏறுபவர்கள் போட்டுக்கொண்ட தடம், மாலா என்ற மூதாதையர் பாறைக்கு வந்தபோது நடந்த வழி. விழுந்தும் மாரடைப்பிலும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே செத்திருக்கிறார்கள், ஒவ்வொரு சாவும் அனங்கு மக்களுக்குத் தங்கள் வீட்டில் விருந்தாளி செத்த துக்கம். கடைசியில் 2019 அக்டோபர் 26 அன்று, நிலம் திரும்பி வந்து 34 வருடம் நிறைந்த அதே நாளில், ஏறுவது நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது.

சரி, இப்போது கதைக்கு வருகிறேன். அனங்கு மக்களின் ஜுகுர்பா என்ற சொல்லைத்தான் ஆங்கிலம் வழியாகக் 'கனவுக்காலம்' என்று தமிழிலும் எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவே பிடிக்காது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரெர்ன்டெ என்ற இன்னொரு மொழியின் சொல்லை வெள்ளைக்காரர்கள் பெயர்த்த விதத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. கனவு என்றதும் நமக்கு நிஜமில்லாதது, எப்போதோ நடந்தது என்ற எண்ணம் வந்துவிடும். ஜுகுர்பா என்பது மூதாதையர் நிலத்தை உருவாக்கிய காலம், அவர்கள் விட்டுப்போன சட்டம், யார் யாருக்கு என்ன முறை, எந்தச் செடியை எப்போது பறிக்கலாம், காட்டை எப்போது கொளுத்த வேண்டும் என்ற அறிவு, எல்லாம் சேர்ந்தது. அது இப்போதும் நடந்துகொண்டிருப்பது. அந்தச் சட்டம் எழுதியிருக்கும் இடம்தான் பாறை.

ஒரு உதாரணம். பாறையின் தென்புறத்தில் முட்டிஜூலு என்ற சுனை இருக்கிறது. குனியா என்ற மலைப்பாம்புப் பெண்ணுக்கும் லிரு என்ற விஷப்பாம்பு ஆண்களுக்கும் நடந்த சண்டையின் இடம் அது. தன் வீட்டுப் பையனை லிருக்கள் ஈட்டியால் குத்திக் கொன்றதைக் கேட்டு ஆவேசத்தோடு வந்த குனியா, லிரு ஒருவனின் தலையில் இரண்டு முறை அடிக்கிறாள். அந்த இரண்டு அடியும் பாறையில் இரண்டு வெட்டுகளாக இருக்கின்றன. அவள் ஊர்ந்து வந்த தடம் பாறை மேல் நெளியும் கறுப்புக் கோடாக இருக்கிறது. ஈட்டி பட்ட இடங்கள் குழிகளாக இருக்கின்றன. இதைப் பூங்காவின் வழிகாட்டிகளே வருபவர்களுக்குச் சொல்கிறார்கள், அதனால்தான் நானும் இங்கே எழுதுகிறேன்.

ஆனால் இது குழந்தைகளுக்கும் விருந்தாளிகளுக்கும் சொல்லும் அளவு. வயது ஏற ஏற, சடங்குகள் முடிய முடிய, ஒருவருக்கு அதே இடத்தின் அதே கதை இன்னும் ஆழமாகச் சொல்லப்படும். ஆண்களுக்கு மட்டும் உரிய இடங்கள் உண்டு, பெண்களுக்கு மட்டும் உரிய இடங்களும் உண்டு. ஒரு பக்கத்தவர் இன்னொரு பக்கத்தின் இடத்தை நின்று பார்க்கக்கூட மாட்டார்கள். அறிவு அங்கே கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும் பொருள் கிடையாது, பொறுப்போடு சேர்த்துத்தான் ஒருவரிடம் கொடுப்பார்கள்.

இந்த இடங்களில் பூங்கா வைத்திருக்கும் அறிவிப்புப் பலகைகள் சொல்வது, எனக்குத் தெரிந்து இந்தப் படங்களைப் பற்றி எழுதப்பட்ட எந்த விமர்சனத்தையும் விட உதவியானது. அந்த இடத்தில் இருக்கும் பாறையின் வடிவங்களும் நுணுக்கங்களும் ஒரு புனித நூலுக்குச் சமம், அவற்றை அவை இருக்கும் இடத்தில் வைத்து, அதற்கு உரியவர்கள் மட்டுமே பார்க்க வேண்டும், ஆகவே படம் எடுக்காதீர்கள் என்பது அதன் சாரம். ஒரு வெடிப்பை, ஒரு குகையின் வாயை, ஒரு கறையைப் படம் பிடித்து வேறு ஊரில் காட்டினால், அது எழுத்தை நகலெடுத்துச் சம்பந்தமில்லாதவர் கையில் கொடுப்பது மாதிரி. விளக்கக் குரலே வேண்டாம், பிம்பம் போதும், அதுவே வெளியே சொல்வதுதான். அதனால் இங்கே படம் எடுப்பவருக்கு எதைக் காட்டலாம் என்பதை விட, கேமராவை எங்கே மூட வேண்டும் என்பதுதான் முதல் வேலை.

இது மிகைப்படுத்தல் என்று தோன்றினால் ஒரு வழக்கைச் சொல்கிறேன். சார்ல்ஸ் மௌண்ட்ஃபோர்ட் என்ற மானிடவியலாளர் 1940-இல் இந்தப் பகுதியில் ஒட்டகத்தில் பயணம் செய்தார். பெரியவர்கள் அவரை நம்பி ஆண்களுக்கு மட்டும் உரிய விஷயங்களைக் காட்டினார்கள், சொன்னார்கள். முப்பத்தாறு வருடம் கழித்து, 1976-இல், அவர் அதையெல்லாம் படங்களோடு புத்தகமாகப் போட்டார். பிட்ஜண்ட்ஜாரா மக்கள் நீதிமன்றம் போனார்கள். தங்கள் பெண்களும் பிள்ளைகளும் கடையில் இந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் தங்கள் சமூகமே குலையும் என்றார்கள். நம்பிச் சொன்ன ரகசியத்தை மீறியது என்ற அடிப்படையில் உலுரு இருக்கும் வடக்குப் பிரதேசத்தின் நீதிமன்றம் அங்கே புத்தகத்தை விற்கத் தடை போட்டது. பதிப்புரிமைச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லாத காலத்தில் கிடைத்த தீர்ப்பு அது. அதற்குப் பிறகு இங்கே கேமராவோடு வரும் எவரும் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

படம் பிடிப்பதற்கும் இதே கதைதான், இன்னும் பழையது. 1901-இல் பால்ட்வின் ஸ்பென்சர், ஃபிராங்க் கில்லன் என்ற மானிடவியல் ஆய்வாளர்கள் மத்திய ஆஸ்திரேலியாவுக்கு ஒரு திரைப்படக் கேமராவையும் மெழுகு உருளையில் ஒலி பதியும் கருவியையும் கொண்டுபோய் அரெர்ன்டெ மக்களின் சடங்குகளைப் பதிவு செய்தார்கள். சினிமா பிறந்து ஆறே வருடம் ஆகியிருந்தது. 1960-களில் அரசு நிறுவனம் ஒன்றின் செலவிலேயே மத்திய பாலைவனச் சடங்குகள் படமாக்கப்பட்டன, அவற்றில் பலவற்றை இன்று பொதுவில் திரையிட முடியாது, உரிய ஆண்கள் மட்டுமே பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டில் இருக்கின்றன. எடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் பதிந்து வைப்பதே நன்மை என்று நம்பினார்கள், அந்த நம்பிக்கையை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் ஆர்தர், கோரின் கேன்ட்ரில் தம்பதியின் படங்களை வைத்துப் பார்க்க வேண்டும். மெல்போர்னில் வாழ்ந்த இவர்கள் ஆஸ்திரேலிய சோதனை சினிமாவின் தூண்கள், 1971 முதல் 2000 வரை தங்கள் சொந்தப் பத்திரிகையையும் நடத்தினார்கள். 1974-இல் ஸ்பென்சரின் 1901-ஆம் வருடப் பதிவுகளில் இருந்து மூன்று பிம்பங்களை மட்டும் எடுத்து அவற்றைப் பற்றியே ஒரு குறும்படம் செய்தார்கள். அப்புறம் உலுருவுக்குப் போய் 1977-இல் ஒரு படம், திரும்பவும் போய் 1981-இல் இன்னொரு படம், இரண்டும் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில், முழு நீளத்தில்.

அவர்களுடைய வேலையில் எனக்கு மிகப் பிடித்தது, மற்ற நிலக்காட்சிகளில் அவர்கள் பயன்படுத்திய மூவண்ணப் பிரிப்பு முறை. ஒரே இடத்தைக் கறுப்பு வெள்ளை நெகடிவில் மூன்று முறை எடுப்பார்கள், ஒருமுறை சிவப்பு ஃபில்டர் வழியாக, ஒருமுறை பச்சை, ஒருமுறை நீலம். லேபில் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிரிண்ட் போட்டால் முழு வண்ணம் வந்துவிடும். ஆனால் மூன்று முறைக்கும் நடுவில் நேரம் ஓடியிருக்கிறது அல்லவா, அதனால் அசையாமல் இருந்தது மட்டும் தன் நிறத்தில் இருக்கும். அசைந்த இலை, ஓடிய மேகம், விழுந்த நீர் எல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சிதறும். 1984-இல் அவர்கள் ஓர் அருவியை இப்படி எடுத்தார்கள். கல் கல்லாகவே இருக்கிறது, நீர் வண்ணத் துணுக்குகளாகக் கொட்டுகிறது. நேரம் என்பதைக் கண்ணால் பார்க்க வைத்த படங்கள் என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். சோதனை முயற்சி என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தம் இருக்கிறது, ஒரு கேள்வியை வைத்து, கருவியை மாற்றி, விடை என்ன வருகிறது என்று பார்க்கிறார்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு பொறுமையாகப் பார்த்தாலும் அவர்கள் அந்த நிலத்துக்கு வந்துபோனவர்கள்தான். அந்த இரண்டு படமும் வந்தபோது நிலம் இன்னும் அனங்கு மக்கள் கைக்குத் திரும்பவில்லை. மௌனமாக, மரியாதையாகப் பார்க்கும் ஒரு வெளியாளின் கண் என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது வெளியாளின் கண். இந்தப் பேச்சை அத்தோடு முடித்துவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும், ஏனென்றால் இதே காலகட்டத்தில் பூர்வகுடிகளே கேமராவைக் கையில் எடுத்துவிட்டார்கள், அவர்கள் எடுத்ததும் வெளியே இருந்து பார்ப்பவருக்கு வெறும் நிலக்காட்சியாகத்தான் தெரிந்தது.

அதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டரில் யுவென்டுமு என்ற வால்பிரி மக்களின் ஊர் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வரப்போகிறது என்ற பேச்சு வந்ததும், வெளியாட்களின் நிகழ்ச்சிகள் பிள்ளைகளைக் கெடுப்பதற்கு முன்னால் நம் நிகழ்ச்சிகளை நாமே எடுப்போம் என்று அங்கே வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். உரிமம் எதுவும் இல்லாமலே உள்ளூர் ஒளிபரப்பும் நடத்தினார்கள். அதில் முன்னால் நின்றவர் ஃபிரான்சிஸ் ஜுபுருலா கெல்லி. அவரோடு வேலை செய்த எரிக் மைக்கேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த வீடியோக்கள் எடுக்கப்பட்ட விதத்தை விரிவாக எழுதி வைத்தார்.

1928-இல் கோனிஸ்டன் என்ற இடத்தில் ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரன் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கப் போலீஸ் குழு வாரக்கணக்கில் சுற்றி வந்து பூர்வகுடிகளைச் சுட்டுத் தள்ளியது. அரசுக் கணக்கு 31 பேர், உண்மையில் அதைவிட மிக அதிகம் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. ஜுபுருலா 1984-இல் அந்த இடத்துக்குப் போய், பிழைத்தவர்களின் நினைவைப் பெரியவர் ஒருவர் சொல்ல வீடியோ எடுத்தார். பார்த்தால் கேமரா மலைமேட்டின் மேல் மெதுவாகப் பேன் ஆகிறது, அதாவது நின்ற இடத்திலிருந்தே பக்கவாட்டில் திரும்புகிறது, எங்கோ ஒரு புள்ளியில் திடீரென்று ஜூம் போகிறது, மறுபடி நகர்கிறது, நீளமாக ஒன்றுமே நடக்காத ஷாட்கள். வெளியே இருந்து வந்த ஓர் எடிட்டர் கையில் கிடைத்திருந்தால் பாதியை வெட்டி எறிந்திருப்பார். ஆனால் அந்தப் பேன் ஷாட் யாருடைய பார்வையையும் பின்தொடரவில்லை. மூதாதை ஒருவர் அந்த மேட்டின் மேல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நடந்தாரோ, போலீஸ் எந்த வழியாக வந்ததோ, மக்கள் எங்கே ஓடி ஒளிந்தார்களோ, அந்த நடையைக் கேமரா நடக்கிறது. ஜூம் போய் நிற்கும் இடம் ஏதோ ஒன்று நடந்த இடம். கதை தெரிந்தவருக்கு அந்த ஷாட்டில் கூட்டமே இருக்கிறது, தெரியாதவருக்கு மரமும் கல்லும்.

இன்னொன்றையும் மைக்கேல்ஸ் கவனித்தார். திரையில் தெரிபவர்கள் ஓரிரண்டு பேர். ஆனால் படப்பிடிப்புக்கு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வண்டிகளில் போயிருந்தார்கள். யார் அந்தக் கதைக்குச் சொந்தக்காரர், யார் அவர் சரியாகச் சொல்கிறாரா என்று பார்க்கும் முறையுள்ளவர், யார் அந்த நிலத்துக்கு எந்த வழி உறவு என்று ஒவ்வொருவருக்கும் அங்கே இருக்க வேண்டிய கடமை. அவர்கள் கேமராவுக்குப் பின்னால் நின்றார்கள். அவர்கள் நின்றதால்தான் அந்தப் படம் உண்மை. டைட்டில் கார்டு போட்டுச் சொல்லாத இந்த ஏற்பாடு வால்பிரி பார்வையாளருக்குப் பார்த்ததுமே புரியும்.

ஓவியத்திலும் இதற்கு இணை உண்டு. 1971-இல் பபுன்யா என்ற ஊரில் பெரியவர்கள் தங்கள் சடங்கு வடிவங்களைப் பலகைகளில் வரைய ஆரம்பித்தார்கள், ஆரம்பகாலப் பலகைகளில் வெளியே தெரியக் கூடாத சில விஷயங்கள் அப்பட்டமாக இருந்ததால் மற்ற ஊர்ப் பெரியவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அதன் பிறகு புள்ளிகள் பெருகின. இன்று உலகமே ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியம் என்று அடையாளம் காணும் அந்தப் புள்ளிப் பரப்பின் ஒரு வேலை, கீழே இருப்பதை மூடுவது. அழகும் மறைப்பும் ஒரே கையசைவில் நடக்கிறது. நீங்கள் பார்த்த படத்தின் நீண்ட மணல் ஷாட்களையும் அப்படி நினைத்துப் பாருங்கள்.

இன்றைக்கு இந்த வழியில் மிகத் துணிச்சலாக வேலை செய்பவர்கள் என்றால் என் கணக்கில் கராபிங் திரைப்படக் கூட்டுக்குழுதான். டார்வின் நகரத்துக்கு எதிர்க்கரைப் பக்கம் பெல்யுவென் என்ற ஊரைச் சேர்ந்த விரிந்த குடும்பம், கூடவே பல வருடமாக அவர்களோடு இருக்கும் எலிசபெத் பொவினெலி என்ற அமெரிக்க மானிடவியலாளர். கராபிங் என்றால் அவர்கள் மொழியில் கடல்நீர் வற்றிய நேரம். 2007-இல் அரசு வடக்குப் பிரதேசத்தின் பூர்வகுடி ஊர்களில் அவசரத் தலையீடு என்று இறங்கிய சமயத்தில் ஊரில் நடந்த சண்டையில் வீடிழந்த குடும்பங்களில் இருந்து பிறந்தது இந்தக் குழு. கையில் ஸ்கிரிப்ட் இல்லாமல், தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடித்து, பல படங்களைக் கைபேசியிலேயே எடுத்திருக்கிறார்கள்.

2014-இல் வந்த அவர்களுடைய 'நாய்கள் பேசியபோது' படத்தில் ஒரு குடும்பம் காணாமல் போன உறவினரைத் தேடுகிறது, கண்டுபிடிக்காவிட்டால் அரசு வீடு கைவிட்டுப் போகும். தேடிக்கொண்டே போகிறவர்கள் பாறைத்தரையில் வட்டவட்டமாக நீர்க்குழிகள் இருக்கும் ஓர் இடத்துக்கு வருகிறார்கள். பேசும் சக்தி இருந்த காலத்தில் மூதாதை நாய்கள் நெருப்பு உண்டாக்க முயன்று தோண்டிய குழிகள் என்பது பெரியவர்கள் சொல்வது. பிள்ளைகள் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை, இயந்திரம் போட்ட ஓட்டையாக இருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள், வாதம் நடக்கிறது, யாரும் யாரையும் வாயடைக்கவில்லை. வீட்டு வாடகைக் கவலையும் நாய்களின் குழியும் ஒரே ஃப்ரேமில். புனித நிலம் என்றால் ஆள் அரவமில்லாத அஸ்தமனம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்தப் படம் கன்னத்தில் விழுந்த அறை மாதிரி இருந்தது. அந்த மக்கள் அங்கே பசியோடு, பெட்ரோல் இல்லாமல், அரசு அலுவலகக் கடிதத்தோடு இருக்கிறார்கள், அதோடு சேர்த்துத்தான் நிலம் புனிதமாக இருக்கிறது.

'இயற்கை நிலக்காட்சி' என்ற சொல்லையும் கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டும். யுனெஸ்கோவே இதில் தன்னைத் திருத்திக்கொண்டது. 1987-இல் உலுருவையும் பக்கத்தில் இருக்கும் 36 குன்றுகள் கொண்ட கட்டா ஜூட்டாவையும் இயற்கைச் சின்னமாக மட்டும் பட்டியலில் சேர்த்தார்கள், 1994-இல்தான் பண்பாட்டு நிலக்காட்சியாகவும் ஏற்றார்கள். காரணம் எளிது, நாம் காடு என்று நினைக்கும் அந்த இடம் ஆயிரக்கணக்கான வருடமாகப் பராமரிக்கப்பட்டது. அனங்கு மக்கள் குளிர்காலத்தில் சின்னச் சின்னத் திட்டாகப் புல்லைக் கொளுத்துவார்கள். ஒரு திட்டில் இளம்புல், ஒரு திட்டில் முற்றிய புதர், நடுவில் எரிந்த வெற்றுத்தரை. கோடையில் மின்னல் விழுந்தாலும் தீ பரவ வழியிருக்காது. மக்களை விரட்டிய பிறகு கொளுத்துவதும் நின்றது, காய்ந்த புல் சேர்ந்துகொண்டே போனது, 1976-இல் பிடித்த தீயில் பூங்காவின் முக்கால் பங்கு எரிந்தது. அப்புறம்தான் பூங்கா நிர்வாகம் அனங்கு பெரியவர்களிடம் எப்படிக் கொளுத்துவது என்று கேட்டது. மனிதர் யாரும் இல்லாத ஷாட்டில் கரிந்த ஒரு புல் திட்டு தெரிந்தால் அதை மனிதர் இருக்கும் ஷாட்டாகவே எண்ணுங்கள்.

விளக்கக் குரல் இல்லாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இந்தச் சமூகங்கள் பலவற்றில் இறந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், உருவத்தைக் காட்ட மாட்டார்கள், குரலையும் கேட்க மாட்டார்கள், துக்கக் காலம் முடியும் வரை. அதே பெயருள்ள உயிரோடு இருப்பவரைக்கூட இந்தப் பக்கத்தில் 'குன்மனாரா' என்ற மாற்றுப்பெயரில் அழைப்பார்கள். அதனால்தான் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிக்கு முன்னால் இறந்தவர்களின் உருவமும் குரலும் இருக்கலாம் என்று எச்சரிக்கை போடுகிறார்கள். ஒரு பெரியவரைப் பேட்டி எடுத்து அதையே படத்தின் முதுகெலும்பாக வைத்தால், அவர் இறந்த அன்று அவருடைய சொந்த மக்கள் அந்தப் படத்தைப் பார்க்க முடியாமல் போகும். பாறை, காற்று, பறவை ஒலி என்று படத்தைக் கட்டினால் அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பலர் இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள், நீங்களும் கேட்கலாம்: மறைத்து மறைத்து வைத்தால் வெளியுலகத்துக்கு அந்த இடத்தின் மதிப்பு எப்படித் தெரியும், தெரியாததை யார் காப்பாற்றுவார்? இது வெறும் வாதத்துக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. 2020 மே 24 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜூகன் பள்ளத்தாக்கின் பாறைக் குடைவுகளை ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத்தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 வருடம் மனிதர் புழங்கிய தடயம் உள்ள இடம். அங்கே கிடைத்த 4,000 வருடப் பழைய தலைமுடிப் பின்னலின் மரபணு அந்த நிலத்தின் சொந்தக்காரர்களான இன்றைய பூர்வகுடி மக்களோடு பொருந்தியிருந்தது. ஆனால் அந்த இடத்தின் மதிப்பு நிறுவனத்துக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை. அகழாய்வு நடந்திருந்தது, அறிக்கைகள் இருந்தன, சொந்தக்காரர்கள் நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள், அன்றைய மாநிலச் சட்டம் தகர்ப்பதற்கு அனுமதித்தது. அதனால் எல்லாவற்றையும் வெளியே சொன்னால் பாதுகாப்பு தானாக வரும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வடக்குப் பிரதேசத்தில் 1989-இல் வந்த புனித இடங்கள் சட்டப்படி கதையைப் பகிரங்கமாகச் சொல்லாமலே ஓர் இடத்தைப் பதிவு செய்து பாதுகாக்க முடிகிறது, மீறிய சுரங்க நிறுவனம் ஒன்றுக்கு 2013-இல் அபராதமும் விழுந்தது.

நீங்களே இப்படி ஒரு படம் எடுக்க ஆசைப்படுவதாகவும் கடைசியில் எழுதியிருந்தீர்கள். உலுருவில் என்றால் வணிக நோக்கில் எடுப்பதற்கு முன்கூட்டியே பர்மிட் வேண்டும், டிரோன் பறக்கவிட முடியாது, பாறையின் சில பக்கங்களை எந்தக் கோணத்திலும் எடுக்கக் கூடாது. இதெல்லாம் பூங்காவின் வழிகாட்டுதலில் தெளிவாக இருக்கிறது. ஆனால் தாளில் இருப்பதை மட்டும் முடித்துவிட்டு ஒரு வாரத்தில் எடுத்துவிட்டு வரலாம் என்ற திட்டத்தோடு போகாதீர்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு பயணம் போகும், கேமரா இல்லாத பயணம். எடுத்ததை அவர்களிடம் போட்டுக்காட்டி, இந்த ஷாட் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் தூக்க வேண்டியிருக்கும். படத்தின் மிக அழகான ஷாட் அதுவாகவே இருக்கலாம்.

அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்க மனமிருந்தால், கேமரா எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே நிற்கிறது, பாறையைச் சுற்றி வரும்போது ஒளி சட்டென்று மாறி ஒரு துண்டு விட்டுப்போனது போல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். முடிந்ததும் கடைசியில் வரும் பெயர்ப்பட்டியலை நிறுத்தாமல் ஓட விடுங்கள். நிலத்தின் சொந்தக்காரர்கள் என்று யாருடைய பெயராவது அதில் இருக்கிறதா, வெறும் நன்றி என்று இருக்கிறதா, அனுமதி தந்தவர்கள் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். சோம்பேறித்தனமா இல்லையா என்ற உங்கள் கேள்விக்கு, அந்த ஒரு படத்தைப் பொறுத்தவரை, அதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.